சுத்துற தட்டும் 60 வருஷக் காத்திருப்பும்

போன மாசம் என் பழைய லேப்டாப்புக்குள்ள இருந்து ‘டிக்... டிக்...’னு ஒரு சத்தம் வர ஆரம்பிச்சது. ஒரு ஃபோல்டர் திறக்கவே அரை நிமிஷம். காப்பி பண்ணா பாதியில நின்னுடும். இந்த நிகழ்ச்சிக்காக நான் பதிவு செஞ்ச 11 பேட்டிகள் அதுலதான் இருந்தது. வேற எங்கேயும் நகல் கிடையாது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடிப் போனதுல கிடைச்சதுதான் இன்னைக்குக் கதை.

1956. அமெரிக்காவின் சான் ஹோசே நகரம். அதுவரைக்கும் கணினித் தகவல் பெரும்பாலும் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் வரிசையா இருந்தது. நடுவுல இருக்கிற ஒண்ணு வேணும்னா, முன்னாடி இருக்கிறதை எல்லாம் கடந்துதான் போகணும். ஐபிஎம் நிறுவனத்துல ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு இதை மாத்தினாங்க. 24 அங்குல அகலத்துல 50 தட்டுகள். நிமிஷத்துக்கு 1,200 சுற்று. வேணுங்கிற தட்டுக்கு நேரா போய்ப் படிக்க ஒரு கை. இதுதான் ராமாக் கணினியோட வந்த முதல் ஹார்ட் டிஸ்க். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்னைக்குக் கணக்குல சுமார் 3.75 எம்பி. ஒரு தகவலைத் தேடி எடுக்க சராசரியா 600 மில்லிவினாடி ஆகும்.

அப்புறம் தட்டு சுருங்கிக்கிட்டே வந்தது. 1973-ல ‘வின்செஸ்டர்’னு அழைக்கப்பட்ட ஐபிஎம் 3340, தட்டையும் படிக்கிற ஹெட்டையும் ஒரே மூடிய பெட்டிக்குள்ள வெச்சது. 1988-ல பிரெய்ரிடெக் நிறுவனம் 2.5 அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 20 எம்பி. என் லேப்டாப்புல இருந்ததும் அந்த 2.5 அங்குல வகைதான், ஆனா 1 டிபி.

இங்கதான் ஒரு கணக்கு என்னை நிறுத்திச்சு. 3.75 எம்பியிலிருந்து 1 டிபி. கொள்ளளவு 2.5 லட்சம் மடங்குக்கு மேல கூடியிருக்கு. காத்திருக்கிற நேரம்? என் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. ஹெட் நகர்றதையும், சரியான இடம் சுத்தி வர்றதையும் சேர்த்தா சராசரியா 17 மில்லிவினாடி. 600-லிருந்து 17, வெறும் 35 மடங்குதான். வீடு பெருசாகிக்கிட்டே போச்சு, வாசல் மட்டும் அப்படியே இருந்த மாதிரி. லேப்டாப் மந்தமா இருந்தா நாம ப்ராசஸரைத் திட்டுவோம். பல நேரம் அது பாவம், தட்டு சுத்தி வர்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.

தட்டே வேண்டாம்னு ஆக்கினது ஜப்பான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல ஃப்ளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினார், 1987-ல அதோட நேண்ட் வடிவம் வந்தது. சிப்புக்குள்ள மின்னூட்டமா தகவல் தங்கும். நகர்ற பாகமே இல்லை. 1991-ல சன்டிஸ்க், அதாவது இன்னைக்கு சான்டிஸ்க், 2.5 அங்குல அளவிலேயே 20 எம்பி எஸ்எஸ்டி செஞ்சது. விலை சுமார் 1,000 டாலர்! சாதாரண லேப்டாப்புக்கு அது கட்டுப்படியாக இன்னும் பல வருஷம் ஆச்சு. ஆனா பழைய டிஸ்க்கோட இடத்துலயே புதுசு உட்காரும்கிறது அப்பவே முடிவாயிடுச்சு.

சரி, என் ‘டிக் டிக்’? ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம, திரும்பத் திரும்ப முதல்ல இருந்து முயற்சி பண்ற சத்தம் அது. நான் புது எஸ்எஸ்டியோட வேகத்தைப் பத்திக் கேட்க, கடைக்கார அண்ணன் சொன்னது இதுதான்: “மொதல்ல டேட்டாவ எடுத்துடு தம்பி. ஸ்பீடு எங்கயும் போகாது.”

முழு டிஸ்க்கையும் குளோன் பண்ணாம, பேட்டி ஃபோல்டரை மட்டும் முதல்ல வெளி டிஸ்க்குக்கு எடுத்தோம். 9 கிடைச்சது. 2 போச்சு. அதுல ஒருத்தர்கிட்ட மறுபடி போய்ப் பேசிட்டேன். இன்னொருத்தர் இப்போ உயிரோட இல்லை.

எஸ்எஸ்டி மாட்ட ஆனது 10 நிமிஷம். அதே ஸ்க்ரூ, அதே சாட்டா இணைப்பு. தகவலைத் தேடி எடுக்க இப்போ 0.1 மில்லிவினாடி அளவுதான். ஆனா ஒண்ணு, எஸ்எஸ்டி கெட்டுப்போகும்போது இப்படி சத்தம் போட்டு எச்சரிக்காது. அதனால இந்த எபிசோட் முடிஞ்சதும், உங்களால திரும்ப உருவாக்க முடியாத ஒரு ஃபோல்டரை வேற இடத்துல நகல் எடுத்து வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.