பிரிட்டனில் குழந்தை உதவித்தொகையும் நாடாளுமன்றக் கண்காணிப்பும்

பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு வாரந்தோறும் அரசே பணம் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 1946-இல் தொடங்கியது. அதன் பின் அந்தப் பணத்தின் பெயரும் அளவும் பலமுறை மாறின. அதை யார் கையில் கொடுப்பது, எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுப்பது, தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் நாடாளுமன்றத்தை விட்டு இன்றுவரை அகலவில்லை. நிர்வாகத்திடம் இருந்த தகவல் அவைக்கு எட்டிய பிறகே திட்டம் திருந்த வழி பிறந்தது என்பதற்கு இந்த வரலாற்றில் பல சான்றுகள் உண்டு.

திட்டத்தின் தாய் என்று எலினார் ராத்போனைச் சொல்லலாம். லிவர்பூல் ஏழைக் குடும்பங்களிடையே பணியாற்றியவர்; 1924-இல் இது பற்றி நூல் எழுதியவர்; 1929-இல் சுயேச்சையாக நாடாளுமன்றம் சென்றவர். கணவனின் கூலி எவ்வளவு என்பதோ அதில் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பதோ மனைவிக்கு நிச்சயமில்லாத நிலையில், பிள்ளைகளுக்கான பணம் தாயிடமே சேர வேண்டும் என்பது அவர் வாதம். 1942-இல் சமூகக் காப்பீடு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை குழந்தை உதவிக் கருத்தை ஏற்று, பிள்ளைக்கு வாரம் 8 ஷில்லிங் பரிந்துரைத்தது. 1945-இல் அரசு கொண்டுவந்த மசோதா 5 ஷில்லிங்தான் தந்தது, அதுவும் இரண்டாம் பிள்ளையிலிருந்து. பணம் தந்தைக்கு உரியது என்றும் அதில் எழுதியிருந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தான் போராடிய திட்டத்தையே எதிர்த்து வாக்களிக்கப் போவதாக ராத்போன் அறிவித்தார். கடைசியில் கொறடா உத்தரவு இல்லாத வாக்கெடுப்புக்கு அரசு இணங்க, பணம் தாய்க்கே என்று மாற்றப்பட்டது. 1946 ஆகஸ்டில் தாய்மார்கள் அஞ்சலகங்களில் முதல் தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

நலத்திட்டங்கள் வறுமையை ஒழித்துவிட்டன என்ற நம்பிக்கை பிறகு இருபது ஆண்டுகள் நிலவியது. 1965-இல் பிரையன் ஏபல்-ஸ்மித், பீட்டர் டவுன்சென்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதை உடைத்தனர். குழந்தை வறுமைக்கு எதிரான செயல்குழு தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

1975-இல் நிறைவேறிய குழந்தை உதவித்தொகைச் சட்டம் முதல் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி, தந்தையரின் சம்பளத்தில் கிடைத்துவந்த வரிக்கழிவை நீக்குவதால் வர வேண்டும். ஆண்களின் சம்பளம் குறையுமே என்று தயங்கிய பிரதமர் காலகனின் அமைச்சரவை 1976 மே மாதத்தில் திட்டத்தைத் தள்ளிவைத்தது. அடுத்த மாதமே அந்த அமைச்சரவையின் இரகசியக் குறிப்புகள் ‘நியூ சொசைட்டி’ இதழில் வெளிவந்தன. எழுதியவர் செயல்குழுவின் இயக்குநர் ஃபிராங்க் ஃபீல்ட். தொழிற்சங்கத் தலைவர்களிடம் எம்.பி.க்கள் எதிர்ப்பதாகவும், அமைச்சர்களிடம் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதாகவும் சொல்லித் திட்டம் ஓரங்கட்டப்பட்டது அம்பலமானது. எழுந்த கொந்தளிப்பில் அரசு பின்வாங்கி, 1977 முதல் 1979 வரை படிப்படியாகத் திட்டத்தை நிறைவேற்றியது. குறிப்புகளைக் கொடுத்தவர் மால்கம் விக்ஸ் என்ற இளம் அரசு ஊழியர். வேலையைப் பணயம் வைத்து அவர் இதைச் செய்திராவிட்டால் பல இலட்சம் தாய்மார்களுக்கு அந்தப் பணம் எப்போது கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. பின்னாளில் அவர் அமைச்சரும் ஆனார். அவர் பெயர் வெளியானது 2014-இல், அவர் இறந்த பிறகு.

நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக் கருவிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. பொதுக் கணக்குக் குழு 1861-இலும், எம்.பி. வழியாக மட்டுமே அணுகக்கூடிய நிர்வாகக் குறைதீர்ப்பாளர் பதவி 1967-இலும், துறைவாரித் தெரிவுக்குழுக்கள் 1979-இலும் வந்தன. இவை மூன்றும் சேர்ந்து சோதிக்கப்பட்ட காலம் 2003-க்குப் பின் வந்தது. குழந்தை வறுமையை ஒரு தலைமுறைக்குள் ஒழிப்பதாக 1999-இல் பிரதமர் டோனி பிளேர் வாக்களித்திருந்தார். அதன் தொடர்ச்சியாக 2003-இல் வரித்துறை வழியே குழந்தைகளுக்கான புதிய உதவி வந்தது. வருமானம் ஆண்டு நடுவில் ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு இதன் கணக்கு ஒத்துவரவில்லை. முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 20 இலட்சம் குடும்பங்களுக்கு, சுமார் 200 கோடி பவுண்டு கூடுதலாகப் போயிற்று. கொடுத்ததைத் துறை திரும்பப் பிடிக்கத் தொடங்கியதும், செலவழித்துவிட்ட தாய்மார்களின் முறையீடுகள் எம்.பி.க்களின் அலுவலகங்களில் குவிந்தன. குறைதீர்ப்பாளர் ஆன் ஆபிரகாம் 2005-இலும் 2007-இலும் தந்த அறிக்கைகள், இந்த வசூல் ஏழைக் குடும்பங்களைக் கடனிலும் துன்பத்திலும் தள்ளியதைப் பதிவுசெய்தன. மிகுதியாகப் போன பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த கணக்குக்கு அது மிகத் தேவையான மறுபக்கம்.

2007 நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அவையில் எழுந்து, குழந்தை உதவித்தொகை பெறும் 72.5 இலட்சம் குடும்பங்களைச் சேர்ந்த 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய இரண்டு வட்டுகள் காணாமல் போய்விட்டதாகத் தெரிவித்தார். அவை நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவை. வங்கி விவரங்களை நீக்கிவிட்டுத் தரும்படி தணிக்கையாளர்கள் கேட்டிருந்தார்கள். அப்படிப் பிரித்தெடுக்கச் செலவாகும் என்று வரித்துறை முழுத் தொகுப்பையும் பதிவு இல்லாத தபாலில் அனுப்பியிருந்தது. துறைத் தலைவர் பால் கிரே பதவி விலகினார்.

2010-இன் குழந்தை வறுமைச் சட்டம் 2020-க்குள் எட்ட வேண்டிய இலக்குகளை வகுத்தது. பின்னர் வந்த ஆட்சி 2016-இல் அவற்றை நீக்கியது. வருமான அளவீடுகளும் சேர்ந்து மறைந்துவிடும் என்ற நிலையில், டர்ஹம் பேராயர் கொண்டுவந்த திருத்தத்தைப் பிரபுக்கள் சபை நிறைவேற்றியது. அதன் விளைவாக, ஆண்டுதோறும் எண்களை வெளியிடும் கடமை சட்டத்தில் நிலைத்தது. பிந்தைய விவாதங்கள் பலவும் அந்த எண்களை வைத்தே நடந்தன.

அதே 2016 சட்டம்தான், 2017 ஏப்ரல் 6 முதல் பிறக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைகளுக்கும் வருமானம் பார்த்துத் தரும் உதவியை மறுத்தது. வல்லுறவால் பிறந்த பிள்ளைக்கு விலக்கு இருந்தது. ஆனால் தாய் அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. இக்கொடுமையை 2015 பட்ஜெட் ஆவணத்திலேயே கண்டுபிடித்து ஆண்டுக்கணக்கில் எதிர்த்தவர் கிளாஸ்கோ எம்.பி. அலிசன் தியூலிஸ். நாடாளுமன்றத்தின் பணி, ஓய்வூதியக் குழு 2019-இல் இந்த இரு பிள்ளை வரம்பை நீக்கக் கோரியது. அப்போது அக்குழுவின் தலைவர் யார் என்றால், 1976-இல் குறிப்புகளை வெளியிட்ட அதே ஃபிராங்க் ஃபீல்ட். வரம்பை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2021-இல் தள்ளுபடி செய்தது. 2024 ஜூலையில் வரம்பை நீக்கக் கோரிய திருத்தம் 363-க்கு 103 என்று தோற்றது. ஆதரித்த ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்களை அவர்களின் கட்சியே இடைநீக்கம் செய்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2026 ஏப்ரல் முதல் வரம்பு நீங்கும் என்று அறிவித்தார்.

அந்த இலையுதிர் காலத்திலேயே வரித்துறை பயணப் பதிவுகளை நம்பி, நாட்டை விட்டுப் போய்விட்டதாகக் கருதிச் சுமார் 23,500 குடும்பங்களின் உதவித்தொகையை நிறுத்தியது. பெல்ஃபாஸ்டில் விமானம் ஏறி டப்ளின் வழியாக வீடு திரும்பியவர்களும் அதில் சிக்கினர். அயர்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லையில் திரும்பி வந்ததற்குப் பதிவு எதுவும் இருக்காது. மெக் ஹில்லியர் தலைமையிலான நாடாளுமன்றக் கருவூலக் குழு துறையிடம் விளக்கம் கேட்டது. துறை மன்னிப்புக் கேட்டது. மறுபுறம், ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவிக்கு 2013-இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு நீக்கப்படவில்லை. அதில் முட்டி நிற்கும் குடும்பங்களுக்கு, இரு பிள்ளை வரம்பு போனாலும் மூன்றாம் பிள்ளைக்கான பணம் கைக்கு வராது.