பஞ்சு நெருப்புக்குள் போன கதை

போடி இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். பஞ்சுக் கிடங்கில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இலவத்துக்கு உறவுமுறையான பருத்தியை உடம்பில் சுற்றிக்கொண்டு தீக்குள் இறங்கியவர்கள் எடோ நகரத்துத் தீயணைப்பாளர்கள். எடோதான் இன்றைய டோக்கியோ.

பருத்தி அங்கே போனதே ஒரு கதை. 799-இல் ஜப்பானின் மிகாவா கரையில் ஒரு சிறு படகு ஒதுங்கியது. அதில் வந்தவன் பின்னாளில் தன்னை இந்தியன் என்று சொன்னதாக அந்நாட்டு அரசவை வரலாறு எழுதிவைத்திருக்கிறது. அவன் பொருள்களுக்கிடையே பருத்தி விதை இருந்தது. மறு ஆண்டே பல மாகாணங்களில் விதைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்துத்தான் பருத்தி அங்கே வேர்பிடித்தது. எடோ காலத்தில் அதுவே எளிய சனங்களின் துணி.

எடோ நகரமோ மரமும் காகிதமுமாகக் கட்டியது. 1657-இல் எழுந்த தீயில் ஒரு லட்சம் பேர் வரை மாண்டதாகச் சொல்வார்கள். 1720-இல் நகர நடுவர் ஓஓகா தாதாசுகே, குடிமக்களிலிருந்து 47 தீயணைப்புக் குழுக்களை அமைத்தார். சேர்ந்தவர்களில் பலர் உயரத்தில் ஏறிப் பழகிய கட்டட வேலைக்காரர்கள். தண்ணீரை அவர்கள் பெரிதாக நம்பவில்லை. காற்று போகும் திசையில் முன்னால் ஓடி, தீ தாவ வழியில்லாதபடி கொக்கிக் கம்பால் வீடுகளை இழுத்துச் சாய்த்தார்கள். நம் போடி மலையில் கோடைக்கு முன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவதும் இதே கணக்குத்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோனதைப் பார்த்த மலையடிவாரத்துக்கு அந்த ஓட்டத்தின் அவசரம் புரியும்.

வீட்டைச் சாய்க்க நெருப்பின் பக்கத்தில் நின்றாக வேண்டும். அதற்குத்தான் அந்தப் பருத்திச் சட்டை. பருத்தித் துணியை அடுக்கி, தடித்த நூலால் நெருக்கி நெருக்கி ஓட்டுத்தையல் போட்டு, அவுரி நீலத்தில் தோய்த்தார்கள். கிளம்புமுன் மேலே தண்ணீரைக் கொட்டிக்கொள்வார்கள். அடுக்குகள் குடித்த தண்ணீர் வற்றும்வரை உடம்புக்குக் காவல். எரியும் சிலிண்டர்மேல் ஈரச்சாக்கைப் போடச்சொல்லி நம் தீயணைப்புத் துறையினர் செய்து காட்டுகிறார்களே, அதைச் சட்டையாகவே தைத்துப் போட்டதுபோல. கனம் சொல்லி மாளாது.

வெளிப்புறத்தில் குழுவின் அடையாளம், அவ்வளவுதான். உள்ளேதான் ஆர்ப்பாட்டம்: மழையைக் கொண்டுவரும் டிராகன், பச்சை குத்திய வீரர்கள். தீ அணைந்ததும் சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்கள். உயிரோடு திரும்பியவன் கொஞ்சம் மிடுக்குக் காட்டினால் என்ன தப்பு?

பம்பும் குழாயும் வந்தபின் அந்தச் சட்டைகள் பழம்பொருளாகி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்வரை போய்ச் சேர்ந்தன. பல இடங்களில் டிராகன் பக்கம் தெரியும்படிதான் மாட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் நெருப்பைப் பார்த்தது மறுபக்கம். எனக்கென்னவோ அந்தத் தையலையும் சேர்த்துக் காட்டினால் தேவலை.