கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு: ஒரு சாலைப் பயணத்தைத் திட்டமிடுவோம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகின்றது. கேமரன் மலை, லங்காவி, பினாங்கு எனத் தொலைவிலுள்ள இடங்களே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. இம்முறை மிகச் சிறிய பயணம் ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கிள்ளானில் புறப்பட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பெட்டாலிங் ஜெயாவை அடைய வேண்டும். அவ்வளவுதான். தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. நெரிசல் இல்லாத ஞாயிறு காலையில் ஏறத்தாழ அரை மணி நேரம் போதும்.

'அந்தச் சாலையில்தானே தினமும் வேலைக்குப் போகிறோம்; அதில் பார்க்க என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2014ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. பாடநூலில் அரசுகளும் தலைவர்களும் இடம்பெறுகின்றனர். தன் தாத்தாவும் பாட்டியும் அந்த வரலாற்றில் எங்கே இருந்தனர் என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வது? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் கற்ற அடிப்படை நெறி. பிள்ளைக்குத் தெரிந்தது இந்தச் சாலை. அங்கிருந்தே தொடங்குவோம்.

பயணத்திற்கு முன்

ஒரு தாளில் நீண்ட கோடு ஒன்றை வரையச் சொல்லுங்கள். ஒரு முனையில் கிள்ளான், மறுமுனையில் பெட்டாலிங் ஜெயா. இடையே ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா, சுங்கை வே ஆகிய பெயர்களை வரிசையாக எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே சிறிது வெற்றிடம் இருக்கட்டும். 'இந்த ஊர் தோன்றுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது?' என்ற கேள்விக்கான விடையை அங்கே எழுத வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. படம் எடுப்பதற்காக நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது. சாலையில் செல்லும்போது பார்ப்பது மட்டுமே. இறங்குவதற்குக் கிள்ளான், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா என மூன்று இடங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாலைக்கு முன் ஆறு

முதல் நிறுத்தம் கிள்ளான் நகரிலுள்ள ராஜா அப்துல்லா கிடங்கு. ஈயமும் உணவுப் பொருளும் சேமித்து வைக்க 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்டது. 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி மேல்நோக்கிச் சென்றனர். அம்பாங் காட்டை அடைந்த அவர்களுள் 69 பேர் ஒரு மாதத்திற்குள் காய்ச்சலால் மடிந்தனர். கோலாலம்பூர் நகரம் உருவானதன் தொடக்கம் அதுதான்.

அக்காலத்தில் ஆறே சாலை. 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டில் ஆற்றின்மீது பாலம் அமைந்து, இரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. 1901ஆம் ஆண்டில் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லவே இந்த வழி முதலில் உருவானது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.

தோட்டங்களின் காலம்

ஈயத்திற்குப் பின் ரப்பர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரமெங்கும் காடு அழிக்கப்பட்டுப் பால்மரம் நடப்பட்டது. இரயிலும் துறைமுகமும் அருகில் இருந்ததால் தோட்ட நிறுவனங்கள் இப்பகுதியைப் பெரிதும் விரும்பின. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆயிரக்கணக்கானோர் அழைத்து வரப்பட்டனர். நம்மில் பலருடைய குடும்பக் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும். சட்டம் இருந்தது; ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள் என்ற நிலையைத் தாண்டவில்லை.

1941: சைக்கிளை விட்டு இறங்காத உரிமை

இப்பயணத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி இது. வண்டி கிள்ளானை விட்டுப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்றைய தோட்டங்களில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. தொழிலாளி சைக்கிளில் செல்லும்போது துரையோ கிராணியோ எதிரே வந்தால், அவர் உடனே இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் முன்னிலையில் சைக்கிள் ஓட்டுவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன், ஒய்.கே. மேனன் ஆகியோர் அவர்களுக்குத் துணை நின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் ஊழியர்களை நீக்குதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை ஆகியன அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. அப்பட்டியலில் இன்னும் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. ஒன்று, துரை, கிராணி முன்னிலையிலும் சைக்கிளில் செல்ல உரிமை வேண்டும். மற்றொன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலை நிறுத்தம் மேலும் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் தோட்டங்களுக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பலர் கைதாயினர், பலர் நாடு கடத்தப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. போரின் பேரிரைச்சலில் இக்கதை பலருடைய நினைவிலிருந்தும் மறைந்து போனது.

கூலி உயர்வுக்காகப் போராடுவது யாவர்க்கும் புரியும். சைக்கிளை விட்டு இறங்காதிருப்பதற்காக ஏன் போராட வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். மானம் என்ற சொல்லுக்கு எந்த அகராதியும் தராத விளக்கம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

நெடுஞ்சாலையில்

இனி வண்டியை எடுக்கலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பழைய கிள்ளான் சாலை முன்பே இருந்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் புதிய சாலை உருவாகி, படிப்படியாக விரிந்து, கூட்டரசு நெடுஞ்சாலையாக வளர்ந்தது. சுங்கை ராசாவிலும் பத்து தீகாவிலும் நின்று சாலைக் கட்டணம் செலுத்தியது பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். 2018ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு அக்கட்டணம் நீக்கப்பட்டது.

சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் செல்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1970களில் உலக வங்கியின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட திட்டம் அது. இரு சக்கர வண்டியில் செல்வோரின் உயிர் காக்கத் தனிப் பாதை வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் செயலுக்கு வந்த இடம் இதுவே. 1941ஆம் ஆண்டுக் கதையைக் கேட்ட பிள்ளை அத்தடத்தைப் பார்க்கும்போது, யாருக்காகவும் இறங்காமல் விரைந்து செல்லும் தொழிலாளர்களைக் காணும். நாம் விளக்கம் எதுவும் கூற வேண்டியதில்லை.

அடுத்து ஷா ஆலாம். 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. தலைநகரை விட்டுக்கொடுத்த சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஷா ஆலாம் அந்தத் தகுதியைப் பெற்றது. இன்று நீலக் குவிமாடத்துடன் பள்ளிவாசல் எழுந்து நிற்கும் இந்நகரம் அமைந்த நிலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். தாளில் ஷா ஆலாமுக்குக் கீழே அப்பெயரை எழுதச் சொல்லுங்கள்.

பிறகு பத்து தீகா. மலாய் மொழியில் இப்பெயருக்கு 'மூன்றாம் கல்' என்பது பொருள். மைல் கணக்கை நம் முன்னோர் 'கட்டை' என்றனர். 'மூணாங்கட்டை', 'ஆறாங்கட்டை' என்று இன்றும் முதியவர்கள் கூறுவதைக் கேட்கலாம். கிலோமீட்டர் வந்த பின்னும் பழைய அளவு ஊர்ப்பெயரில் ஒளிந்துகொண்டு வாழ்கின்றது.

சுபாங் ஜெயாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள். இது இரண்டாம் நிறுத்தம். 1970களின் நடுவில் உருவாகத் தொடங்கிய இந்நகரம் சீபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்தது. பால்மரம் இல்லை, லயம் இல்லை. ஆனால் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கின்றது. அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த இடத்தில் அதன் பெயர்ப்பலகையைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும்.

மீண்டும் சாலைக்கு வந்தால் சுங்கை வே. 1970களில் இங்கே அமைந்த தடையற்ற வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டத்துப் பெண்களும் வேலைக்கு வந்தனர். பால்வாளியிலிருந்து தொழிற்கூடத்திற்கு மாறிய தலைமுறை அது. உங்கள் வீட்டிலேயே அத்தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் இருக்கலாம். அவரையும் இப்பயணத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாகப் பெட்டாலிங் ஜெயா. 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, ஏறத்தாழ 1,200 ஏக்கர் ரப்பர் நிலத்தில் இத்துணைநகரம் திட்டமிடப்பட்டது. அந்நிலத்தின் பெயர் எஃபிங்ஹாம் தோட்டம். நகரத்தில் இன்று எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும்? மூன்றாம் நிறுத்தமாகப் பண்டார் உத்தாமாவுக்குச் செல்லுங்கள். அங்கே எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி நிற்கின்றது.

'தோட்டம்' என்ற சொல்

தாளில் நிரம்பியுள்ள பெயர்களை இப்போது ஒருமுறை பாருங்கள். சாலை அறிவிப்புப் பலகைகளில் தோட்டங்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. அவை எஞ்சியிருக்கும் இடம் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளே. சீபீல்டு, எஃபிங்ஹாம் மட்டுமல்ல. கிள்ளானில் ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா ஆகிய தோட்டப் பெயர்களையும் தமிழ்ப்பள்ளிகள் தாங்கியுள்ளன.

பள்ளியின் பெயரில் 'தோட்டம்' எதற்கு, நகரத்திற்கு வந்துவிட்டோமே, நவீனமான பெயர் வைக்கக்கூடாதா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்கள் எண்ணத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. தம் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் தாழ்த்திப் பேசிவிடக்கூடாது என்ற தவிப்பு அதில் இருக்கின்றது. ஆயினும் என் கருத்து வேறு. தாழ்வு அப்பெயரில் இல்லை. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களிடம் இருந்தது. இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் ஊர்ப்பெயரை நாம் ஏன் அழிக்க வேண்டும்?

அத்தொழிலாளர்கள் கேட்டவற்றுள் இரண்டை இச்சாலையோரத்தில் நாம் கண்டோம்: தலை நிமிர்ந்து செல்ல ஒரு பாதை, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. தோட்டங்கள் மறைந்து குடும்பங்கள் பல இடங்களுக்குச் சிதறிய பின்னும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதற்காகக் காலையில் பல கிலோமீட்டர் வண்டி ஓட்டும் பெற்றோர்களை நான் அறிவேன். அவர்கள் அந்த நீண்ட கோரிக்கைப் பட்டியலின் ஒரு வரியை நாள்தோறும் நிறைவேற்றி வருகின்றனர்.

பயணம் முடிந்ததும் அத்தாளை வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு உங்கள் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அத்தாளின் ஓரத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் எங்கே செல்லலாம் என்ற கேள்விக்கு அப்பெயரே விடையாகட்டும்.