சித்தப்பாவின் கணக்கு நோட்டும் நீலச் சீமெண்ணெயும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு அட்டைப் பெட்டி கிடைத்தது. உள்ளே பழைய இன்சூரன்ஸ் காகிதங்கள், துருப்பிடித்த இரண்டு டேங்க் மூடிகள், நான்கு நீளமான கணக்கு நோட்டுகள். சித்தப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே ஒரு டீசல் பிக்கப்பை வைத்துத்தான் அவர் குடும்பத்தை நடத்தினார். ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை, எந்த பங்க் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாள்கூட விடவில்லை.

நமக்குத்தான் டேட்டாவைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே. 2004 முதல் 2006 வரையிலான பக்கங்களை எக்ஸெல்லில் ஏற்றினேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, 2005 ஆகஸ்டில் 10க்கு இறங்குகிறது, அக்டோபரில் 9. நவம்பர் பக்கத்தின் ஓரத்தில் சித்தப்பா கையெழுத்தில் ஒரே வரி: "டிரைவரை நிறுத்தியாச்சு."

அந்த டிரைவர் அண்ணனை எனக்கு நன்றாகவே தெரியும். எங்களையெல்லாம் பண்ணாரிக்கு வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர். டீசல் திருடினார் என்று அவரை நிறுத்தியது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நானும் இருபது வருஷம் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எக்ஸெல்லில் வந்த கோடு வேறு கதை சொல்கிறது. அதைச் சொல்ல, டீசல் வண்டிக்கு மனிதர்கள் போட்டுப் பார்த்த பூட்டுகளின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போய் வரவேண்டும்.

முதல் பூட்டு: வண்டிக்கு

பழைய டீசல் இன்ஜினில் ஒரு விசேஷம். பெட்ரோல் இன்ஜின் ஓட ஸ்பார்க் பிளக் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஆகவே சாவியைத் திருப்பி மின்சாரத்தை வெட்டினால் இன்ஜின் நின்றுவிடும். டீசலில் ஸ்பார்க் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1890களில் ருடால்ஃப் டீசல் பிடித்த அடிப்படை இதுதான். சித்தப்பா வண்டியில் இன்ஜினை நிறுத்த ஒரு குமிழை வெளியே இழுக்கவேண்டும். சாவி சும்மா ஒரு மரியாதைக்குத்தான். சரிவில் தள்ளிவிட்டு கியர் போட்டால் யார் வேண்டுமானாலும் கிளப்பிக்கொண்டு போகலாம்.

அப்போது மிச்சமிருப்பது ஸ்டியரிங் பூட்டு. இதன் வரலாற்றில் சுவாரசியமான ஒரு பகுதி உண்டு. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, புது கார், பழைய கார் எல்லாவற்றுக்கும். கார் திருட்டு விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது. பிரிட்டன் 1971ல் அதையே செய்தது, ஆனால் புது கார்களுக்கு மட்டும். புது கார்கள் திருடு போவது குறைந்தது. பதிலாகத் திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்கள் 1976ல் இதை ஒரு அறிக்கையாகவே எழுதினார்கள். குற்றவியல் படிப்பவர்களுக்கு இன்றைக்கும் அது முக்கியமான ஒன்று.

இம்மொபிலைசர் வந்தபோதும் இதே வாசனை. சாவித் தலைக்குள் ஒரு சின்ன சிப். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சிப் சரியான பதிலைச் சொன்னால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலை விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புது கார்களுக்கு இது கட்டாயம். 2005ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ லேபும் சேர்ந்து, அப்போது பரவலாக இருந்த ஒரு சிப்பின் 40 பிட் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். இப்போது முன்விளக்கு வயர் வழியாக வண்டியின் உள் நெட்வொர்க்கில் நுழைந்து, "சாவி உள்ளேதான் இருக்கு"ன்னு பொய்ச் செய்தி அனுப்பும் வரைக்கும் வந்துவிட்டார்கள். மென்பொருள்காரனாக நான் இதைப் பார்த்து வியந்ததைவிட வெட்கப்பட்டதுதான் அதிகம்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. டீசல் லைனில், சீட்டுக்கு அடியில் கை போகிற இடத்தில், ஒரு சின்ன வால்வு வைத்திருந்தார். அதைத் திருகிவிட்டால் வண்டி கொஞ்ச தூரம் போய் மூச்சடைத்து நின்றுவிடும். வண்டி ஒருநாளும் திருடு போகவில்லை.

இரண்டாவது பூட்டு: டேங்குக்கு

வண்டிதான் போகவில்லை, டீசல் போனது. மார்க்கெட்டில் விடிகாலை லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் டேங்கில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பார்கள். (இது எடுக்கிறவருக்கே ஆபத்தான வேலை. ஒரு வாய் டீசல் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி படுக்கவைத்துவிடும்.) சித்தப்பா பூட்டு வைத்த மூடி வாங்கினார். முதல் மூடியை நெம்பிவிட்டார்கள். அதைவிட கெட்டியாக இரண்டாவது வாங்கினார். டேங்குக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு போனார்கள். போல்ட் மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்தார். பரணில் கிடைத்த இரண்டு மூடிகளின் கதை இதுதான்.

கவனியுங்கள், ஜெர்மனி பிரிட்டன் கதையேதான். ஒரு கதவை அடைத்தால் திருடன் வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை, அடுத்த கதவைப் பார்க்கிறான். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சித்தப்பாவுக்கு ஒரு முடிவு வந்திருக்க வேண்டும்: வெளியாள் எடுக்க வழியே இல்லை, ஆனாலும் மைலேஜ் விழுகிறது, அப்படியென்றால் எடுப்பது உள்ளாள்.

அவர் யோசிக்காத ஒரு கதவு இருந்தது. டீசல் டேங்கிலிருந்து போகவில்லை. டேங்குக்குள் வந்ததே முழு டீசல் இல்லை.

மூன்றாவது பூட்டு: எண்ணெய்க்கே

ரேஷன் சீமெண்ணெய் நீலமாக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அந்த நீலம்தான் அரசாங்கம் போட்ட பூட்டு. ஏழை வீட்டு அடுப்புக்கும் விளக்கும் போகவேண்டிய மானிய எண்ணெய் வேறெங்காவது போனால் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்த சாயம்.

2005ல் ரேஷன் சீமெண்ணெய் லிட்டர் 9 ரூபாய் சுமார். டீசல் 30 ரூபாய் சுமார். இடைவெளி 20 ரூபாய்க்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றில் பத்து சதவீதம் கலந்தால் 1,200 லிட்டர், அதாவது லோடுக்கு 24,000 ரூபாய். நடுவில் இருக்கிறவர்களுக்குப் பங்கு போனாலும் மிச்சம் நிற்கும். அந்தக் காசுக்கு ஒரு சாயத்தை நீக்க வழி கண்டுபிடிக்க மாட்டார்களா என்ன?

அப்படிக் கலந்ததால் வண்டிக்கு என்ன ஆகும்? சீமெண்ணெயும் எரியத்தான் செய்யும், இன்ஜின் உடனே நிற்காது. ஆனால் பழைய டீசல் பம்ப்புக்கு டீசலேதான் மசகு. பம்ப்புக்குள் இருக்கும் எலிமெண்ட்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. சீமெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. உரசி உரசி இடைவெளி கூடும், அழுத்தம் குறையும், இழுவை போகும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. சீமெண்ணெய் டீசலைவிட லேசு என்பதால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் கொஞ்சம் குறைவு. ஆக மைலேஜ் இரண்டு வழியிலும் அடி வாங்கும்.

2006ல் அரசாங்கம் சாயத்துக்கு மேலே இன்னொரு பூட்டு போட்டது. கண்ணுக்குத் தெரியாத, சோதித்தால் மட்டும் நிறம் காட்டும் ஒரு மார்க்கரை பிரிட்டனைச் சேர்ந்த நிறுவனத்திடம் வாங்கிச் சீமெண்ணெயில் சேர்த்தார்கள். அதையும் சாதாரண களிமண் வகைகளை வைத்து வடிகட்டி எடுத்துவிட முடியும் என்று தெரிந்தது. 2009 தொடக்கத்தில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

பூட்டு தோற்ற இடத்தில் மனிதர்கள் நின்றார்கள். மஞ்சுநாத் சண்முகம், கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். மைசூரில் இன்ஜினியரிங், லக்னோ ஐஐஎம்மில் மேலாண்மை படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த ஒரு பங்க்கைச் சீல் வைத்தார். அது மறுபடி திறந்ததும் மறுபடி சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். உடல் அவருடைய காரின் பின் சீட்டில் கிடந்தது. வயது 27. பங்க் உரிமையாளரின் மகனுக்குக் கீழ்க்கோர்ட் மரண தண்டனை கொடுத்தது, ஹைகோர்ட் அதை ஆயுளாக்கியது, 2015ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது.

2011 ஜனவரி 25, மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, மாலேகாவ் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணே டேங்கர்களிலிருந்து எண்ணெய் எடுப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கேட்கப் போனார். அவர் மேல் எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் குடியரசு தினம்.

மஞ்சுநாத் செத்த நவம்பரில் எனக்கு 26 வயது. பெங்களூரில் வேலை. பேப்பரில் படித்துவிட்டு "அடப்பாவமே" என்று அடுத்த பக்கம் புரட்டியது ஞாபகம் இருக்கிறது. அதே மாதம் எங்கள் வீட்டிலும் அதே எண்ணெயால் ஒருத்தர் பிழைப்பு போனது என்று இப்போதுதான் தெரிகிறது.

பூட்டாத பூட்டு

இந்தக் கலப்படம் கடைசியில் குறைந்தது எப்படி? என் வாசிப்பில், சாயத்தாலோ மார்க்கராலோ ரெய்டாலோ அல்ல, விலையால். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2016 ஜூலையிலிருந்து ரேஷன் சீமெண்ணெய் விலையைப் பதினைந்து நாளுக்கு 25 பைசா வீதம் ஏற்றினார்கள். 2020 வாக்கில் மானியம் தீர்ந்தது. ஊருக்கு ஊர் கேஸ் அடுப்பும் கரண்டும் வந்து ரேஷன் சீமெண்ணெயும் சுருங்கியது. சீமெண்ணெயில் லாபம் இல்லை என்றானதும் களிமண்ணுக்கு வேலை இல்லை. எங்கள் தொழிலில் சொல்வதுபோல, பிழை எங்கே தெரிகிறதோ அங்கே பேட்ச் போட்டுக்கொண்டே இருந்தோம். மூலம் இரண்டு விலைகளுக்கு நடுவே இருந்தது.

இதற்காக மானியமே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நீல எண்ணெயில்தான் எங்கள் பாட்டி சமைத்தாள். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் நடுவில் ஒரு தொழில் முளைக்கும். இப்போது குஜராத் பக்கம் பயோடீசல் என்ற பெயரில் வேறு எண்ணெய் விற்றதற்கு வழக்குகள் நடக்கின்றன. அடுத்த கதவு.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்க்கில் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளவைச் சரிபார்க்கக் கேட்கலாம். இரண்டுமே வாடிக்கையாளரின் உரிமை. பில்லை வாங்கி வையுங்கள், எந்த பங்க் என்று எழுதி வையுங்கள்.

ஏன் என்றால், சித்தப்பா அப்படி எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது. 2005 ஜூலை கடைசியில் அவர் பங்க்கை மாற்றியிருக்கிறார். புது பங்க்கில் மாதக் கடன் கொடுத்தார்கள் போல, தொகைக்குப் பக்கத்தில் "பாக்கி" என்று இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து மைலேஜ் இறக்கம். நவம்பரில் டிரைவர் போகிறார். அதற்குப் பிறகு வண்டியை ஓட்டியது சித்தப்பாவேதான். டிசம்பரிலும் 9, ஜனவரியிலும் 9. 2006 பிப்ரவரியில் "பம்ப் எலிமெண்ட், நாசில் மாத்தியது ரூ. 14,500" என்று ஒரு வரி. மார்ச்சில் பழைய பங்க்குக்கே திரும்பியிருக்கிறார். மைலேஜ் மறுபடி 11.

எல்லாம் அவர் கையெழுத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறது. அவர் சேர்த்துப் பார்த்தாரா, பார்த்தும் சொல்லாமல் விட்டாரா, இனி யாரைக் கேட்பது?

டிரைவர் அண்ணன் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன மாதம் பேசினேன். இப்போது சொந்தமாக ஒரு டெம்போ ஓட்டுகிறார். கணக்கைச் சொல்லி, எங்கள் வீட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டீசல் நாத்தமே வேற மாதிரி இருக்குதுங்கன்னு அன்னைக்கே சொன்னனுங் தம்பி. உங்க சித்தப்பா காதுல வாங்கல" என்றார். அப்புறம், "சரி, அந்த நோட்டு பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் எடுத்துப் போய்க் காட்டவேண்டும்.