ஒரு நாணயத்தில் எஞ்சிய மன்னன்

டொமீசியன் என்றவுடன் உரோம வரலாறு பயின்றோரின் நினைவுக்கு வருபவன், கி. பி. 81 முதல் 96 வரை கொடுங்கோலோச்சிய சக்கரவர்த்தியே. ஆனால், அவனுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின், அதே பெயருடைய இன்னொருவனும் முடி சூடினான். அவனது ஆட்சியை ஆண்டுகளால் அன்று, வாரங்களால், ஒருவேளை நாட்களால் அளத்தல் வேண்டும்.

235ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் செவெரசு தன் படைவீரராலேயே கொலையுண்டான். அன்று தொடங்கிய குழப்பம் 284இல் தயோக்கிளேசியன் அரியணை ஏறும்வரை நீடித்தது. அக்குழப்பத்தின் உச்சம் 260ஆம் ஆண்டு. வலேரியன் பாரசீக வேந்தன் சாபூரிடம் சிறைப்பட, மேற்கே ரைன் நதிக்கரையில் பொஸ்துமசு என்னுந் தளபதி கோல் நாட்டைத் தனியரசாக்கிக்கொண்டான். பிரித்தானியாவும் ஸ்பெயினும் அவன்வழி நின்றன. ஒன்பது ஆண்டுகள் திறம்பட ஆண்ட அவன், மைன்சு நகரைச் சூறையாடக் கூடாதெனத் தடுத்தான். அதற்காகவே அவனுடைய வீரர் அவனைக் கொன்றனர். பின்வந்த விக்டோரினசு 271இல் கொலோன் நகரில் தன் அதிகாரி ஒருவனாற் கொல்லப்பட்டான். அவ்வதிகாரியின் மனைவியிடம் அவன் முறைதவறி நடந்தான் என்பது பழைய ஆசிரியர் கூற்று. அடுத்து ஆண்டவன் தெத்திரிக்கசு. இவ்விருவருக்கும் இடையே, அரியணை வெறுமையாயிருந்த அச்சிறு பொழுதில் எழுந்தவனே நம் டொமீசியன் என்பது அறிஞர் பலரின் துணிபு.

ஏடுகளில் அவனைத் தேடினால் கிடைப்பது மிகச் சிறிது. அவுரேலியன் காலத்தில் கலகஞ் செய்து தண்டனை பெற்றோருள் ஒருவனாக டொமீசியன் என்ற பெயரைச் சோசிமசு என்னும் கிரேக்க ஆசிரியர் குறித்துச் செல்கிறார்.

1900ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு நாந்து நகருக்கு அண்மையில் ஒரு நாணயக் குவியல் அகப்பட்டது. அதில் ஒரு காசு மட்டும் கதிர்முடி தரித்த டொமீசியனின் உருவமும் பெயரும் தாங்கியிருந்தது. அது போன்ற வேறொரு காசை எவருங் கண்டிலர். ஆகவே, அதனைப் போலியெனப் பலர் ஐயுற்றனர். ஒற்றைச் சாட்சியை நம்பத் தயங்கியதைக் குறைகூறவும் இயலாது. பழங்காசுகளைத் திருத்திப் பெருவிலைக்கு விற்போர் எக்காலத்தும் உளர்.

நூறாண்டு கடந்தபின் 2003இல், இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் மாவட்டத்துச் சால்குரோவ் என்னும் ஊரின் வயலொன்றில் ஒரு மட்பாண்டம் கிடைத்தது. உள்ளே ஏறத்தாழ 5,000 காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய் இறுகிக் கிடந்தன. பிரித்தானிய அரும்பொருட்சாலையில் அவற்றைப் பிரித்துத் துப்புரவு செய்தபோது, டொமீசியனின் முகம் மீண்டுந் தோன்றியது. இரு காசுகளையும் ஒப்பு நோக்கியோர் அவை ஒரே அச்சுக்களால் அடிக்கப்பட்டன எனக் கண்டனர். மண்ணுள் இறுகிக் கிடந்த குவியலுக்குள் புதுக்காலப் போலி நுழைந்திருக்க வழியில்லை. நாந்துக் காசின் மேலிருந்த பழியும் அன்றே நீங்கிற்று.

இச்சிறு காசு உணர்த்துவது யாது? வெறுங் கலகக்காரன் காசு அடித்தல் அரிது. அதற்குத் தங்கசாலை வேண்டும்; தேர்ந்த கம்மியர் வேண்டும்; காசை வாங்கிக்கொண்டு வாளேந்தும் படையும் வேண்டும். இவை சில நாட்களேனும் அவன் வசமிருந்தன. அவனைச் சக்கரவர்த்தி என அழைப்பது மிகையெனலாம். அவன் இருந்ததேயில்லை என்று இனிக் கூற இயலாது.

காசின் மறுபுறத்தே ஒற்றுமைத் தெய்வம் நிற்கிறது. அதனைச் சூழ்ந்து இலத்தீன் மொழியிற் பொறித்த வாசகத்தின் பொருள், 'படைவீரரின் ஒற்றுமை' என்பதாகும்.