சருகுமான் ஏறி வந்த விசைகள்: ஒரு சிறிய மகிழுந்தின் வரலாறு



வரலாறு என்றதும் நம் மாணவர்களுக்கு அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் கைபடும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்று அவர்கள் எண்ணுவதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் சிறிய மகிழுந்தையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரத்தில் எத்தனை விசைகள், குமிழ்கள், மிதிகள்! அவற்றுள் பல, எங்கோ ஒருவர் பட்ட துன்பத்திற்கு விடையாகப் பிறந்தவை. அவை நம் கைக்கு வந்து சேர்ந்த கதையோ, தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம் மக்களின் கதையோடு பின்னிக் கிடக்கிறது.

கம்போங் மேடானும் போக்குவரத்தும்

பழைய கிள்ளான் சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் உள்ளது கம்போங் மேடான். கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான், கம்போங் டத்தோ ஹருண், தாமான் டேசாரியா ஆகியவை அதன் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள். 2001 மார்ச் மாதத்தில் இங்கு மூண்ட இன மோதலில் ஆறு உயிர்கள் பறிபோயின. ஊரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு இன்றும் அதுவே நினைவுக்கு வருகிறது. அந்தத் துயரத்தை மறக்கலாகாது. ஆயினும் அது ஒன்றே ஓர் ஊரின் வரலாறாகிவிடாது. உழைத்து, சேர்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மெல்ல மெல்ல நிமிர்ந்த குடும்பங்களின் வரலாறும் அங்கே உண்டு.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியும் போன காலத்தில், வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த நம்மவர் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளில் தஞ்சம் புகுந்தனர். தோட்டத்தில் வேலைக்காடு, பள்ளி, கோயில், மருந்தகம் அனைத்தும் நடை தூரத்தில் இருந்தன. பட்டணத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கிடந்தது. தொழிற்சாலைப் பேருந்து வந்தால் வேலை, வராவிட்டால் அரைநாள் சம்பளம் போயிற்று. கொமுட்டர் ரயில் 1995-ஆம் ஆண்டில்தான் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் பெரும்பாலோருக்குத் துணை நின்றது மோட்டார் சைக்கிள். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் அமர, நடுவில் ஒரு பிள்ளையும் முன்னால் ஒரு பிள்ளையுமாக மழையில் நனைந்து சென்ற குடும்பங்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். காய்ச்சல் கண்ட குழந்தையை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டுமானால் அண்டை வீட்டாரின் வண்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். மகிழுந்து என்பது அந்நிலையில் ஆடம்பரப் பொருள் அன்று, தலைக்கு மேல் ஒரு கூரை.

துரையின் வண்டியும் கிராணியின் வண்டியும்

தோட்டப்புறத்தில் கார் என்றால் துரையின் கார்தான். பின்னர் கிராணிகளும் ஆசிரியர்களும் மோரிஸ் மைனர் போன்ற சிறு வண்டிகளை வாங்கினர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதை ஓட்டுவது ஒரு கலை. காலையில் இயந்திரம் குளிர்ந்திருந்தால் சோக் குமிழை இழுக்க வேண்டும், சூடேறியதும் மறவாமல் உள்ளே தள்ள வேண்டும். பக்கம் திரும்புவதைக் காட்ட இன்றுள்ளது போன்ற மின்னும் விளக்குகள் அதில் தொடக்கத்தில் இல்லை. கதவை ஒட்டிய தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே எழும்பி நிற்கும். 1961 வாக்கில்தான் மின்னும் விளக்குகள் அதற்கு வந்தன.

அக்காலத்து ஃபோல்க்ஸ்வாகன் பீட்டல் வண்டியிலோ எண்ணெய் அளவு காட்டும் முள்ளே இல்லை. இயந்திரம் இருமத் தொடங்கினால், காலருகில் உள்ள ஒரு திருகைத் திருப்பிச் சேமிப்பு எண்ணெயைத் திறந்து விட வேண்டும். 1961-ஐ ஒட்டித்தான் அளவுமுள் அதற்குக் கிட்டியது. 1959-இல் இசிகோனிஸ் வடித்த மினியின் தொடக்கக் கால வண்டிகளில் இயந்திரத்தை இயக்கும் பொத்தான் தரையில் இருந்தது. கண்ணாடிகள் பக்கவாட்டில் நகரும் வகையின. இவற்றையெல்லாம் அறிந்தவரே ஓட்டுநர். அறியாதவர் வண்டி வைத்திருந்தும் நடந்தே போக வேண்டியவர்.

ஒவ்வொரு விசைக்கும் ஒரு கதை

வைப்பரை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி குளிர்காலத்தில் நியூயார்க் நகர டிராம் வண்டியில் பயணம் செய்தார். பனிமழையில் பாதை தெரியாமல் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்து வைத்து, நடுங்கியபடி ஓட்டியதைக் கண்டார். உள்ளிருந்தே ஒரு நெம்புகோலால் கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் கண்டுபிடிப்பால் அவர் பணம் ஈட்டவில்லை. ஆனால் பழைய கிள்ளான் சாலையில் மாலை மழை கொட்டும்போது நாம் விரலால் தட்டும் அந்தச் சிறு கம்பி அவர் வழிவந்தது.

சாவியைத் திருப்பியவுடன் இயந்திரம் உறுமுகிறதே, அதுவும் எளிதில் வந்ததன்று. பண்டைய வண்டிகளில் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். இயந்திரம் பின்னடித்தால் சுழற்றியவரின் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் இயக்கி 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் பொருத்தப்பட்ட பின்னரே, உடல் வலு குறைந்தோரும் பெண்களும் பிறர் துணையின்றி வண்டியை எடுக்க முடிந்தது. வசதி என்று நாம் சொல்வது பலருக்கு விடுதலையாக அமைந்தது.

பாதுகாப்பு வாரின் கதை இன்னும் உயர்ந்தது. தோளையும் இடுப்பையும் ஒருசேரத் தாங்கும் மும்முனை வாரை 1959-இல் ஸ்வீடனின் வோல்வோ நிறுவனத்தில் உருவாக்கியவர் நில்ஸ் போலின். அவர் அதற்கு முன் விமானிகளை அவசர காலத்தில் வெளியே தூக்கியெறியும் இருக்கைகளை வடித்த பொறியாளர். ஒரே கையால் மாட்டும்படி அவ்வாரை அமைத்தார். வோல்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்து விட்டது.

சருகுமான் வருகிறது

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. நாட்டின் முதல் தேசிய மகிழுந்து என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் தொழிற்சாலைக் கூலியில் வாழ்ந்தோருக்கு அதுவும் எட்டாக்கனியாகவே இருந்தது. 1993-இல் பெரோடுவா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் வண்டி 1994-இல் வந்த கஞ்சில். கஞ்சில் என்றால் சருகுமான். மலாய் நாட்டுப்புறக் கதைகளில் முதலையையும் புலியையும் அறிவால் வெல்லும் அந்தச் சிறு விலங்கின் பெயரைச் சிறு வண்டிக்கு வைத்தது பொருத்தமே.

கஞ்சிலின் மூலம் ஜப்பானின் டைஹட்சு மீரா. ஜப்பானில் சிறு வண்டிகளுக்கென்றே அளவும் இயந்திரக் கொள்ளளவும் வரையறுத்த சட்டம் உண்டு. 1990-இல் அந்த வரம்பு 660 சிசி ஆக உயர்த்தப்பட்டது. கஞ்சிலும் மூன்று உருளைகள் கொண்ட 660 சிசி இயந்திரத்தோடு வந்தது. பின்னர் 850 சிசி வகையும் வந்தது. 2009 வரை அது உற்பத்தியில் இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பலவும் அதையே வைத்திருந்தன. ஆகவே மேட்டில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, கிளட்சை மெல்ல விட்டு, பின்னால் சரியாமல் ஏறும் பாடத்தைக் கஞ்சிலிலேயே கற்றவர் நம்மில் மிகப் பலர். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் மட்டுமே அமர்ந்து பழகிய தாய்மார்கள் பலர் முதன்முதலில் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அதில்தான்.

குளிர்ச்சியின் விலை

சிறு வண்டியில் மக்கள் மிகவும் விரும்பிய வசதி ஏர்கோன். 1939-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் காரில் குளிரூட்டியை வைத்தபோது, அதை நிறுத்த உள்ளே விசை இல்லை. வண்டியை ஓரம் கட்டி, மூடியைத் திறந்து, இயந்திரத்திலிருந்து வாரைக் கழற்ற வேண்டும். இன்று ஒரு பொத்தானில் முடிகிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. வழக்கமான பெட்ரோல் வண்டியில் குளிரூட்டியின் அமுக்கியைச் சுழற்றுவது வண்டியின் இயந்திரமே. பெரிய இயந்திரத்திற்கு அது தெரியாது. 660 சிசி இயந்திரத்திற்கோ அது கூடுதல் சுமை. அதனால்தான் மேடு ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் கஞ்சில் ஓட்டுநர்கள் ஏர்கோனைச் சற்று அணைத்துவிடுவார்கள். யாரும் சொல்லித் தராமல் பட்டறிவால் மக்கள் கற்ற இயந்திரவியல் அது.

ஆனால் பட்டறிவு எல்லாவற்றையும் கற்றுத் தருவதில்லை. மழையில் கண்ணாடி மங்கினால் பலர் துணியைத் தேடுகின்றனர். உள்பக்கம் மங்கினால், காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது என்று பொருள். ஏர்கோனைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால், அது ஈரத்தை உறிஞ்சிச் சில நொடிகளில் தெளிவாக்கும். வெளிப்பக்கம் மங்கினால், உள்குளிர் மிகுந்து வெளிக்காற்றின் ஈரம் படிகிறது என்று பொருள். அப்போது குளிரைக் குறைத்து வைப்பரைப் போட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதுபோலவே கனமழையில் நான்கு விளக்குகளையும் மின்ன விட்டபடி ஓட்டும் பழக்கம் நம் நெடுஞ்சாலைகளில் பரவிக் கிடக்கிறது. அந்த முக்கோணப் பொத்தான் நின்றுபோன வண்டிக்கு உரியது. அது மின்னும்போது, நாம் இடப்பக்கம் திரும்புகிறோமா வலப்பக்கம் திரும்புகிறோமா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். மழைக்கு முன்விளக்கே போதும்.

நம் மண்ணில் முளைத்த வசதிகள்

சில வசதிகள் நம் நாட்டு வாழ்க்கையிலிருந்தே பிறந்தன. 2014-இல் பெரோடுவா அக்ஸியா வந்தபோது, ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் கைப்பையை மாட்டி வைக்க ஒரு கொக்கி இருந்தது. சமிக்ஞை விளக்கில் நிற்கும் பெண்களின் பக்கத்து இருக்கையிலிருந்து கைப்பையைப் பறித்து ஓடும் வழிப்பறிக்காரர்களுக்கு எதிரானது அது. 2017-இல் வந்த மைவியின் உயர் வகைகளில் சாலைக் கட்டணக் கருவி வண்டியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. 2004-இல் கம்போங் மேடான் வழியே புதிய பந்தாய் விரைவுச்சாலை திறக்கப்பட்டதையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்துக் கட்டணச் சாவடிகள் எழுந்ததையும் எண்ணினால் அவ்வசதியின் காரணம் விளங்கும். ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது, எதற்குக் காத்துக் கிடக்கிறது என்பதை அதன் மகிழுந்தே காட்டிவிடுகிறது.

இன்னும் வந்து சேராதது

வண்டி வந்தது. விசைகளும் வந்தன. அவற்றின் அறிவு எல்லாருக்கும் வந்ததா என்பதே என் கேள்வி. நம் நாட்டில் முன்னிருக்கையில் வார் அணிவது 1979-இல் கட்டாயமானது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. 2020 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆயினும் பள்ளி வாசலில் காலையில் நின்று பார்த்தால், முன்னிருக்கையில் அம்மாவின் மடியில் தம்பி, பின்னிருக்கையில் வாரின்றி எழுந்து நிற்கும் அக்கா என்னும் காட்சி இன்னும் மறையவில்லை. மோட்டார் சைக்கிளில் நால்வராய்ச் சென்ற பழக்கம், நாம் காருக்குள் ஏறிய பின்னும் நம்மை விட்டு இறங்கவில்லை. மோதலின் வேகத்தில் மடியிலுள்ள குழந்தையை எந்தத் தாயின் கரமும் தாங்கிப் பிடிக்க இயலாது. தாயன்பு குறைந்ததால் அன்று, இயற்பியல் விதி அப்படி.

பின்கதவின் ஓரத்தில் உள்ள குழந்தைப் பூட்டு, மின் கண்ணாடியை ஓட்டுநர் மட்டும் இயக்கும்படி அடைக்கும் விசை, வெயிலில் நின்ற வண்டிக்குள் நிமிடங்களில் ஏறிவிடும் கொடுஞ்சூடு ஆகியவையும் எல்லாப் பெற்றோரும் அறிய வேண்டியவை. வண்டியோடு வரும் கையேட்டில் இவை விளக்கப்பட்டுள்ளன. ஆனால் அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், நம் வீட்டுப் பெரியவர் பலருக்கு அது முன்பெட்டிக்குள் உறங்கும் புத்தகம். தமிழில் அச்சான கையேடு ஒன்று என் கண்ணில் பட்டதில்லை.

இங்கேதான் நம் மாணவர்களுக்கு ஒரு பணி இருக்கிறது. மும்மொழி அறிந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் அந்தக் கையேட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு விசையையும் தொட்டுக் காட்டி, தாத்தா பாட்டிக்கும் அம்மா அப்பாவுக்கும் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். புரியாத இடத்தை வகுப்பில் கேட்கட்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. பயிற்சி முடிந்ததும் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து, வாரை இழுத்து மாட்டட்டும். "டக்" என்ற ஒலி கேட்ட பின்னரே வண்டி நகர வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லட்டும்.