முத்துக் கம்பனியின் பிரதிக்ஞை

இலங்கையின் வடமேற்குக் கரையில் வெள்ளாங்குளத்திலிருந்து இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று தெற்கே இறங்கி, மன்னாருக்குத் திரும்பும் சந்தியையும் கடந்து அரிப்பை அடைகிற யாத்திரிகனுக்கு, பிரித்தானியத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த்தின் இடிந்த மாளிகை ஒன்றைத் தவிர, பாரசீக வளைகுடாவின் அராபியரும் கீழக்கரைச் சோனகரும் தூத்துக்குடிப் பரதவரும் ஆயிரக்கணக்கில் கூடிய, சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புக்குச் சாட்சி சொல்ல அதிகம் எதுவும் மிஞ்சவில்லை.

கல்லில் கால் ஊன்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடக்கிய ஒரே மூச்சில் கடலடியில் சிப்பி விளையும் பாருக்கு இறங்கி, வலைப்பையை நிரப்பிக் கயிற்றை அசைத்து மேலேறிய குளியாளுக்கு வழக்கப்படி கிடைத்தது எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு. மீதியை அரசாங்கம் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட்டது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கும் சலாபத்தில் கூலி உண்டு. அவனைப் பரிகசித்த துரைமார் பின்னாளில் வேறொரு மந்திரத்தை முத்திரைக் கடதாசியில் எழுதி நம்பினார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை.

1891-க்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் சலாபமே நடவாதிருக்கவே, காரணம் ஆராய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் வந்தார். பருவக்காற்றில் நகரும் மணல் சிப்பியை மூடிவிடுகிறது என்பதும், சிப்பி தின்னும் மீன்கள் பாரையே காலி செய்துவிடுகின்றன என்பதும் அவரும் அவருடைய உதவியாளர் ஹோர்னலும் கண்ட உண்மைகள். 1903-இலிருந்து கடல் மறுபடி கொடுக்கத் தொடங்கியது. 1905-இல் மட்டும் அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபா.

அந்தச் செழிப்பின் மத்தியில்தான் 1906 முதல் இருபது வருஷத்துக்கு, வருஷம் 3,10,000 ரூபாவுக்கு, பார்கள் யாவும் லண்டனில் அமைந்த ஒரு முத்துக் கம்பனிக்குக் குத்தகையாயின. வற்றிய வருஷத்திலும் திறைசேரிக்கு வாடகை வரும் என்ற அரசாங்கத்தின் நியாயம் வெறுமையானதல்ல. ஆனால் குத்தகைக்கு அழகூட்டியது வேறொரு வாக்கு: வருஷந்தோறும் 50,000 முதல் 1,50,000 ரூபா வரை செலவிட்டுச் சாஸ்திர முறைப்படி சிப்பியை அபிவிருத்தி செய்வதாகக் கம்பனி பிரதிக்ஞை பண்ணியிருந்தது.

1906-இலும் 1907-இலும் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் மலடாயின. மணலும் மீனும் செய்யும் நாசத்தை ஹெர்ட்மன் முன்கூட்டியே அச்சிட்டுச் சொல்லியிருந்தும், தன் அதிகாரத்துக்கு எட்டாத கடலை வளர்ப்பதாக வாக்களித்ததுதான் கம்பனியின் குற்றம் என்பேன். நஷ்டம் வந்தபோது பங்குதாரர்களின் பொறுப்பு அவர்கள் வாங்கிய பங்கின் அளவோடு நின்றது. சீசனை நம்பிக் கடன்பட்ட குளியாளுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு ஏதுமில்லை. இருபது வருஷக் குத்தகை பாதியிலேயே முடிந்து கம்பனி கலைந்தது. அடுத்த சலாபம் 1925-இல்தான் நடந்தது.